பிக்கப்புக்குக் கேட்காத சத்தம்

அன்றைக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், மூன்று எட்டுக்கு எங்கள் வீட்டைக் கடந்திருக்க வேண்டிய கரையோர ரயில், ஒன்பது நிமிடம் பிந்தி, என் மகள் கிற்றார் வாசிக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் கூவிக்கொண்டு போனது. என் கையில் ஒரு தாள் இருந்தது. வெள்ளவத்தையைக் கடக்கும் ரயில்கள், பாட்டுப் போட்டபடி பாணும் பணிஸும் விற்க வரும் பாண்காரனின் முச்சக்கரவண்டி, கோயில் மணி, கீழ்மாடி ரியூசன் வகுப்பின் இடைவேளை, எல்லாவற்றையும் மூன்று நாள் பல்கனியில் நின்று நேரத்தோடு அதில் குறித்திருந்தேன். ரயில் பிந்தக்கூடும் என்பதை மட்டும் குறிக்கவில்லை. (இந்த நாட்டிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவன்.)

நான் பயந்த மனிதன். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக விபத்துக் கோரிக்கைகளைப் படித்து வருகிறேன். மனிதருக்கு எப்படியெல்லாம் கெடுதல் வரலாம் என்பதைச் சம்பளத்துக்கு வாசிக்கிறவனுக்குக் கேத்தல் கொதித்தாலே மாடிக் கட்டடம் எரிகிற மாதிரி இருக்கும். மனைவி சுகந்தி இதை 'யோசிக்கிற வருத்தம்' என்பாள். மருந்தில்லாத வருத்தம் என்பதோடு, தொற்றுகிற வருத்தமும் கூட. மகள் ஆரணிக்கு அது தொற்றிய நாளை நான் கண்ணாலே கண்டேன்.

அவளுக்கு அப்போது பதினெட்டு. பாடசாலை மண்டபத்தில் தனியாகக் கிற்றார் வாசிக்க மேடை ஏறினாள். கதிரையில் அமர்ந்தாள், கையைத் தந்தியில் வைத்தாள், வைத்தபடியே நான்கு நிமிடம் இருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் கிற்றாரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள்: "மேடையில ஏறேக்க எனக்குப் பயம் இருக்கேல்லையப்பா. முன்வரிசையில உங்கட முகத்தைப் பாத்தாப் பிறகுதான் வந்தது."

அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் வாசித்ததில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். அதனால், வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்று நேரில் வரத் தேவையில்லை, ஒலிப்பதிவு அனுப்பினால் போதும் என்று அறிவித்தபோது, கடவுள் ஒரு யன்னலைத் திறந்ததாகவே நாங்கள் நினைத்தோம். (அந்த யன்னலை நான்தான் மெத்தை வைத்து அடைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.) ஆறு நிமிடத் துண்டு ஒன்று. இடையில் வெட்டி ஒட்டக்கூடாது. குறிப்பிட்ட நாளில் மாலை ஆறு மணிக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். மூன்று கிழமை அவகாசம் இருந்தது. மூன்று கிழமையும் நான் ஆயத்தம் செய்தேன். அதனால்தான் கடைசி நாள்வரை இழுபட்டது.

கிற்றார் சத்தத்தைப் பிடிக்க இரண்டு வழி உண்டு என்பதை இந்த ஆயத்தத்தில்தான் அறிந்தேன். ஒன்று பிக்கப். கிற்றாரின் உள்ளே, தந்திகள் தொட்டு நிற்கும் வெள்ளைத் துண்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டி. ஆரணியின் கிற்றாரில் அது ஏற்கெனவே இருந்தது. ஒரு வயரைச் செருகினால் போதும். அதற்கு மரத்தின் அதிர்வு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டில் கல்யாணம் நடந்தாலும் கவலைப்படாது. ஆனால் அதில் பிடித்த சத்தம், பிஸ்கற் ரின்னில் றப்பர் பாண்ட் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. என்னுடைய பிள்ளை இதைவிட நன்றாக வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். ஆகவே மற்ற வழி, மைக். கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒலிப்பதிவு செய்யும் என் சகலனிடம் ஒரு நல்ல மைக் இரவல் வாங்கி, பிறந்த குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். கிற்றாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தோம். சத்தம் தேனாக வந்தது. தேனோடு காலி வீதியின் பஸ் இரைச்சலும் வந்தது. அந்த மைக்குக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் இல்லை.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். பிக்கப், மைக் இரண்டையும் ஒரே நேரத்தில் கணினிக்குள் இரண்டு தடங்களாகப் பிடிப்பது. பிறகு இரண்டையும் அளவாகக் கலப்பது. கலப்பதற்கு அனுமதி இருந்தது. வெட்டத்தான் கூடாது.

அன்று காலை ஏழு மணிக்கே சுகந்தி தன் தங்கையோடு வைத்தியசாலைக்குப் போய்விட்டாள். வயிற்றில் கல் என்று ஒரு சந்தேகம். ஸ்கான் எடுக்க வேண்டும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறியதைக் கீழ்மாடிப் பரமேஸ்வரி அக்கா பார்த்திருக்கிறார். (அந்தக் கட்டடத்தில் அவர் பார்க்காமல் ஒரு தேங்காயும் மேலே போகாது.) ஏறும்போது சுகந்தி எனக்கு ஒரே ஒரு கட்டளை இட்டாள்: தன்னுடைய நிறச் சேலை ஒன்றிலும் கை வைக்கக்கூடாது.

வைக்கவில்லை. பல்கனிக் கண்ணாடியில் சத்தம் மோதாமல் இருக்க வீட்டிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் என் வெள்ளை வேட்டிகளையும் எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டேன். மேசையும் கதிரைகளும் கண்ணாடி அலுமாரியும் தடித்த தந்தியை மீட்டும்போது கிறுகிறுத்தன. எல்லாவற்றையும் வெளி நடைக்குத் தள்ளினேன். சுவாமிப் படத் தட்டு அதிர்ந்தது. அதையும் கழற்றிவிட்டு, காரியம் நல்லபடி நடக்க வேண்டும் என்று குத்துவிளக்கை மட்டும் ஹோலின் நடுவே தரையில் ஏற்றி வைத்தேன். என் காற்சட்டை உரசுவது மைக்குக்குக் கேட்கிறது என்று ஆரணி சொன்னாள். அதைக் கழற்றி மிச்சமிருந்த ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டேன். சட்டைப் பொத்தானும் கேட்டது. சட்டையும் போனது.

வெறும் ஹோல், வெள்ளைத் துணிகள், தரையில் ஒற்றை விளக்கு, வெளியே கதிரைகள், மூன்று நாள் தாடியோடு வெறும் மேலில் வேட்டி கட்டிய வீட்டுக்காரன். வாசிக்கும் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் கண்ணுக்கு அது ஒலிப்பதிவுக்கூடமாகத் தெரிந்தது.

முதல் வாசிப்பை ரயில் கொண்டுபோனது என்று சொன்னேன் அல்லவா. இரண்டாவதைப் பாண்காரன் கொண்டுபோனான். அவனும் என் தாளின்படி வரவில்லை. மூன்று நாற்பதுக்குக் கடையைக் கட்டி, எல்லாவற்றையும் வீதியிலிருந்து தள்ளியிருக்கும் பின்னறைக்கு மாற்றினோம். அந்த அறை யன்னலில்தான் மெத்தையை நிறுத்தினேன்.

பின்னறையில் வேறு வில்லங்கம். அங்கிருந்த பிளக்கில் செருகியதும் பிக்கப் வயரில் ஒரு வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. ஆரணி வயரின் முனையிலிருந்த உலோகத்தைத் தொட்டாள். இரைச்சல் நின்றது. கையை எடுத்தாள். வந்தது. அவளுக்கு வாசிக்க இரண்டு கையும் வேண்டும். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதைப் பிடிங்கோ. விடுங்கோ. பிடிங்கோ. ஆ, அப்பிடியே இருங்கோ."

இருபத்தாறு வருட உத்தியோகம், ஒரு பட்டம், இரண்டு டிப்ளோமா. எல்லாம் சேர்ந்து ஒரு வயருக்கு ஏர்த் கம்பி. என் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது என்பதால், மேசைக்கு அடியில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து, இரண்டு விரலால் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாசிப்பு பாதியில் நின்றது.

"அப்பா, நீங்க மூச்சு விடுறது கேக்குது."

"பிள்ளை, மூச்சு விடாமல் எப்பிடி?"

"இப்பிடி மாடு மாதிரி விடாதேங்கோ. பிக்கப்புக்கு மரம் மட்டும்தான் கேக்கும், பிரச்சினையில்லை. மைக் உங்களைத்தான் முழுக்கப் பதியுது."

மூச்சை அடக்கினேன். அடக்கியதும் கீழ்மாடி ரியூசன் வகுப்பு கேட்டது. முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் இரசாயனச் சமன்பாடு சொன்னார்கள். மணி நாலு இருபது. ஆரணி தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "விடுங்கோ அப்பா, எனக்கு இது சரிவராது," என்றாள். பாடசாலை மண்டபத்தில் கண்ட அதே முகம். அந்தக் கணத்தில் என் வயிற்றுக்குள் விழுந்த கல்லை எந்த ஸ்கானும் காட்டாது. இன்றைக்கு இந்தக் கதவும் அடைபட்டால், அவள் இனி வாசிக்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

கீழே ஓடினேன். வகுப்பு நடக்கும் இடம் பரமேஸ்வரி அக்காவுடையது. மத்தியானம் நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் எல்லா வீட்டாரிடமும் அமைதி கேட்டிருந்தேன். எல்லாரும் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒரு வீட்டிலும் தொலைக்காட்சி நிற்கவில்லை. இந்த முறை நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்க நேரம் இல்லை. "அக்கா, வகுப்பைக் கொஞ்சம் நிப்பாட்ட ஏலுமோ? பிள்ளை பாவம்," என்றேன். ஓடிவந்த வியர்வையை வேட்டித் தலைப்பால் கண்ணிலிருந்து துடைத்தேன்.

அக்கா என் வேட்டியைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். அண்ணாந்து எங்கள் பல்கனியில் தொங்கிய வெள்ளையைப் பார்த்தார். நடையிலிருந்த கதிரைகளை அதற்கு முன்பே பார்த்திருப்பார். எங்கள் ஆட்களிடம் ஒரு பண்பு உண்டு: பறிகொடுத்தவனின் முகத்துக்கு நேரே யாரும் விபரம் கேட்கமாட்டார்கள். அக்காவும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்தார்.

"நீங்கள் மேல போங்கோ தம்பி. பிள்ளையோட இருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

இசையை இவ்வளவு மதிக்கிற மனுசியா என்று உருகிப்போய் மேலே வந்தேன்.

பத்து நிமிடத்தில் வகுப்பு, ஒரு சமன்பாட்டின் நடுவில், நின்றது. அடுத்து எதிர்வீட்டுத் தொலைக்காட்சி. அடுத்து மேல்மாடியில் இடிக்கும் உரல். படியில் ஓடும் பிள்ளைகளை யாரோ அதட்டி அடக்குவது கேட்டது. நான் அந்தக் கட்டடத்துக்கு வந்த பதினோரு வருடத்தில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. (மகளின் படிப்புக்கு ஐந்து நிமிடம் தராதவர்கள், சாவுக்கு மாலை முழுவதையும் தந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.) ஆரணியை இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். அவள் தந்திகளைச் சுதி சேர்த்தாள். காதை முழுக்க மூடும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள்; அதில் பிக்கப்பின் சத்தம் மட்டும் வரும்படி வைத்திருந்தாள். மைக்கின் சத்தம் வந்தால் உலகம் கேட்கும், உலகம் கேட்டால் கை நடுங்கும் என்று சொன்னாள். நான் மேசைக்கு அடியில் போனேன். ஐந்து மணி ஐந்துக்கு வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் நிமிடத்திலேயே ஹோலில் ஒரு செருப்புக் கழலும் சத்தம் கேட்டது.

சத்தம் வராமல் கதவு நிலையில் நான் தொங்கவிட்ட போர்வையால் முன்கதவு சரியாகச் சாத்துப்படவில்லை. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். கள்ளன் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு சோடிச் செருப்பு. கள்ளன் செருப்பைக் கழற்றி வைப்பானா? மூன்று, நான்கு, ஆறு. காலடிகள் மெத்தென்று வந்து, அங்கங்கே தரையில் அமர்ந்தன. ஒருவரும் கதைக்கவில்லை. என் விரலிலிருந்து முழங்கைவரை மரத்துப்போயிருந்தது. கையை எடுத்தால் வண்டு இரையும், வாசிப்பு போய்விடும். எடுக்காவிட்டால், என் வீட்டு ஹோலில் முகம் தெரியாத ஒரு கூட்டம். காப்புறுதிப் படிவத்தில் இதை எந்த வகைக்குள் போடுவது என்றுகூட யோசித்தேன். சுகந்திக்கு ஏதும் ஆகி, வைத்தியசாலையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களோ என்றும் ஒருமுறை நினைத்தேன். அத்தோடு மூச்சு தானாகவே நின்றுவிட்டது.

ஆரணிக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். மூன்றாம் நிமிடத்தில் வரும் மெதுவான இடத்துக்கு வந்தபோது, அவளிடமிருந்து நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு வாசிப்பு வந்தது. கதவுக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலாம் நிமிடத்தில் ஹோலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அதைப் பரமேஸ்வரி அக்கா பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். "தாயை நினைச்சுப் பிள்ளை உள்ளுக்கிருந்து வாசிக்குது எண்டெல்லோ நினைச்சம். கல்லும் கரைஞ்சிருக்கும் தம்பி."

ஆம், அவர்கள் கணக்கில் இறந்தது சுகந்தி. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனாள், திரும்பி வரவில்லை; மாலையில் வீடு முழுக்க வெள்ளை. அக்கா இரண்டையும் கூட்டி விடை எழுதிவிட்டார். ஒருவரும் சுகந்தியின் தொலைபேசிக்கு அழைப்பு எடுக்கவில்லை. இறந்துபோனவருக்கு யார் அழைப்பு எடுப்பார்? என்னுடையதை நான் அணைத்து வைத்திருந்தேன். காவலாளி ஜயந்த வாசலில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டி, நடையிலிருந்த என் கதிரைகளைச் சுவரோடு வரிசையாகப் போட்டு, வயதானவர்களை இருத்தியும் விட்டான். செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் அக்கா ஒரு பெரிய பிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீயும் கொண்டுவந்திருந்தார்.

ஆறாம் நிமிடத்தில் ஆரணி கடைசிச் சுரக்கூட்டை மீட்டினாள். அது நீண்ட நேரம் ஒலித்து அடங்க வேண்டும். அடங்கும்வரை அசையக்கூடாது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வரை எண்ணியபோதுதான் முன்கதவில் அந்தக் குரல் கேட்டது.

அதற்கு முன் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவு ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிச் சில விநாடிகளில் ஆரணி மைக்கின் தடத்தை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, பிக்கப்பை மட்டும் விட்டாள். வெட்டவில்லை, கலப்பை மாற்றினாள், அவ்வளவுதான். நான் பிஸ்கற் ரின் என்று ஏளனம் செய்த அந்தப் பட்டிதான், வெளியே என்ன நடக்கிறதென்று அறியாமல், கடைசிவரை மரத்தின் ஒலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலாம் நிமிடத்து மூக்கு உறிஞ்சலை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவும் கடல் கடந்து போனது. இரண்டு மாதத்தில் இடம் கிடைத்தது. உறிஞ்சலைப் பற்றிக் கல்லூரி ஒன்றும் எழுதவில்லை.

அன்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறைக் கதவைத் திறந்த ஆரணி, தன்னைப் பார்த்துக் கண்ணீர் விடும் இருபத்துமூன்று பேரைக் கண்டாள். நான் மேசைக்கு அடியிலிருந்து அவளைப் பார்த்து, இதோ விறைக்கப்போகிறாள் என்று கண்ணை மூடினேன். அவள் விறைக்கவில்லை. அந்த நாட்டில் இப்போது மேடையிலும் வாசிக்கிறாள். ஏன் அன்று பயம் வரவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அந்த இருபத்துமூண்டுக்குள்ள உங்கட முகம் இல்லையே அப்பா," என்றாள்.

சுகந்திக்குக் கல் இல்லை, வாய்வு. பரமேஸ்வரி அக்கா எங்களோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. சுகந்தி உயிரோடு இருந்ததை என்னுடைய ஏமாற்று வேலையாகவே அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு இப்போதும் வீட்டில் சட்டென்று அமைதி விழுந்தால் விரல்நுனி குளிர்ந்துபோகும்.

அந்த மைக்கின் தனித் தடம் இன்னும் எங்கள் கணினியில் இருக்கிறது. சொந்தக்காரர் நாலுபேர் கூடினால் யாராவது அதைப் போடச் சொல்வார்கள். என் சகலன் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் அதைத் தன் தொலைபேசியிலேயே கொண்டு வருவார். ஆறு நிமிட வாசிப்பை ஒருவரும் முழுதாகக் கேட்பதில்லை; கடைசிக்கே போவார்கள். சுரக்கூட்டு அடங்கிக்கொண்டே வரும். கதவுப் போர்வை விலகும் சத்தம். மரக்கறிப் பை ஒன்று தரையில் வைபடும் சத்தம். ஸ்கானை முடித்து, தங்கையைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட்டு, வழியில் சந்தைக்கும் போய்வந்த சுகந்தி, வாசலில் வெள்ளைக்கொடியையும் ஹோலில் விளக்கையும் அழுகிற சனத்தையும் கண்டு நிற்கிறாள். மகள் உள்ளே வாசிப்பது கேட்கிறது. தானோ உயிரோடு வாசலில் நிற்கிறாள். வீட்டில் மிச்சம் ஒரே ஓர் ஆள்தான். செத்தவளைக் கண்ட பரமேஸ்வரி அக்காவின் கையிலிருந்து பிளாஸ்க் விழுந்து உருள்கிறது. அது உருண்டு நிற்கும்வரை சுகந்தி பொறுத்திருக்கிறாள். பிறகு, அழுகை இல்லாமல், நெடுநாள் வழக்கொன்றுக்குத் தீர்ப்புக் கேட்டவளின் களைப்போடு சொல்கிறாள்:

"எனக்கு அப்பவே தெரியும், இந்த மனுசன் யோசிச்சு யோசிச்சே போய்ச் சேரும் எண்டு."